நிற்கிற எஞ்சினுக்கு எதற்குக் கரி?

ஆட்டுக்கால் வேகும்போது முதலில் மூக்கில் ஏறுவது மிளகு, அதன்பின் இஞ்சி, இரண்டும் அடங்கிய பிறகு சுவரிலும் பாயிலும் போர்வையிலும் ஒட்டிக்கொண்டு மறுநாள் வரை போகாமல் நிற்பது எலும்புக் கொழுப்பின் கனத்த வாசனை. எனக்கு ஒன்பது வயதானபோது, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு வரிசை முழுவதும் மூன்று மாதம் இந்த வாசனைதான் அடித்தது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் என் பாவாடையை முகர்ந்து பார்த்துவிட்டு, "உங்க வீட்டுல தெனமும் கெடா வெட்டுறீங்களா?" என்று பொறாமையோடு கேட்டாள். கெடா வெட்டவில்லை, என் அப்பாவின் வலது காலில் ஓர் எலும்பு முறிந்திருந்தது, அவ்வளவுதான்.

அப்பா எஞ்சினில் கரி அள்ளிப் போடும் "பயர்மேன்". கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வழியாக போர்ட் சுவெட்டன்ஹாமுக்குப் போகும் வண்டிகளில்தான் பெரும்பாலும் அவருக்கு வேலை. இன்று போர்ட் கிள்ளான் என்று எல்லாரும் சொல்லும் துறைமுகத்துக்கு அன்று அந்தப் பெயர். எங்கள் வரிசையில் அதைச் "சுவெட்டனாம்" என்று சுருக்கி வைத்திருந்தோம். ஒரு மழைநாள் பிற்பகலில் கிள்ளான் நிலையத்தில் இறங்கும்போது ஈர இரும்புப் படியில் கால் வழுக்கி, கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது வழுக்கியதைச் சொல்லவே மாட்டார். "அன்னிக்கு என்னமோ எஞ்சினு கொஞ்சம் ஒசந்துடுச்சு" என்பார். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, மூன்று மாதம் காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். காலை ஊன்றக்கூடாது என்றுதான் சொன்னார்கள். எங்கள் வரிசைக்காரர்கள் அதைக் கையையும் அசைக்கக்கூடாது, கழுத்தையும் திருப்பக்கூடாது, வாய் மட்டும் வேலை செய்யலாம் என்று புரிந்துகொண்டார்கள்.

எலும்பை எலும்புதான் ஒட்டும் என்பது அடுத்த வீட்டு அஞ்சலை பெரியம்மாவின் சித்தாந்தம். ரயில்வே கேட்டை மூடித் திறக்கும் கேட்மேனின் மனைவியான அவர், எங்களுக்கு உறவு ஒன்றுமில்லை. என் அம்மா அவரை அக்கா என்று கூப்பிட்டதால் எனக்குப் பெரியம்மாவானார். ஆள் பெரிய உருவம், குரல் அதைவிடப் பெரியது, மனசு இரண்டையும்விடப் பெரியது. விடிந்ததும் ஆட்டுக்கால் சூப்பு ஒரு செம்பு நிறைய அவர் வீட்டிலிருந்து வரும். பத்து மணிக்கு இன்னொரு வீட்டிலிருந்து நல்லெண்ணெய் மிதக்கும் உளுந்தங்களி. மதியம் பிரண்டைத் துவையலும் நாட்டுக்கோழிச் சாறும். கம்பம் என்று நாங்கள் சொல்லும் பக்கத்து மலாய்க் கிராமத்தில் இருந்த போர்ட்டர் ஒருவரின் மனைவி, வெட்டின காயத்துக்கும் முறிந்த எலும்புக்கும் அதைப்போல மருந்தே இல்லை என்று சொல்லி, "ஹாருவான்" என்று அவர்கள் சொல்லும் விரால் மீனைக் குழம்பாக்கிக் கொடுத்தனுப்புவார். விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பார்கள். எங்கள் வீட்டில் விருந்தே மருந்தாகி மூன்று மாதம் நடந்தது.

இதில் என் அம்மாவின் இக்கட்டு கொஞ்சமல்ல. அனுதாபத்தோடு வரும் பாத்திரத்தை வேண்டாம் என்று திருப்பினால் அது அவர்களின் முகத்தையே திருப்பி அனுப்பியதாகும். வாங்கிக்கொண்டாலோ வெறும் பாத்திரமாகத் திருப்பக்கூடாது, ஒரு கரண்டிச் சர்க்கரையோ இரண்டு வாழைப்பழமோ போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அப்படிப் போட்டனுப்பினால், "பாவம், செல்லம்மா இந்தச் சிரமத்துலயும் சர்க்கரை போட்டு அனுப்பியிருக்கா" என்று மனம் நெகிழ்ந்து மறுநாள் இன்னும் பெரிய பாத்திரத்தில் அனுப்புவார்கள். பாத்திரங்களைச் சுமந்து போய் வருவது என் வேலை. சுமந்தேனே தவிர, தின்னக் கொடுத்துவைக்கவில்லை. "பத்தியச் சாப்பாட்டுல பிள்ளைங்க கைய வச்சா மருந்து முறிஞ்சிடும்" என்று அஞ்சலை பெரியம்மா முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார். கோழித்துண்டு மிதக்கும் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி எப்படி நடந்திருப்பாள் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஆக அத்தனையையும் அப்பாதான் தின்றாக வேண்டும். அவருக்கு அதில் ஆட்சேபமும் இல்லை. சுவரில் சாய்ந்து, மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் நீட்டிக்கொண்டு, "கரி போட்டாத்தானே வண்டி ஓடும்" என்று சொல்லி ஒவ்வொரு பாத்திரமாக முடிப்பார். முடித்ததும் தூங்குவார். தூங்கி எழுந்ததும் அடுத்தது வந்திருக்கும். கன்னம் பளபளத்தது, கழுத்து மறைந்தது. பார்க்க வந்தவர்களெல்லாம், "நல்லாத் தேறிட்டாரு" என்று பூரித்துப் போனார்கள்.

மூன்று மாதம் முடிந்து மாவுக்கட்டை வெட்டி எடுத்த அன்றுதான் உண்மை வெளியே வந்தது. ரிக்‌ஷாவில் வந்திறங்கிய அப்பா, கைத்தடியை ஊன்றி நின்று, ஆசையோடு வேலைக் காற்சட்டையை எடுத்து மாட்டிப் பார்த்தார். பொத்தான் ஒரு பக்கமும் துளை ஒரு பக்கமுமாக, நடுவில் நாலு விரல் இடைவெளி. கட்டுக்குள் இருந்த காலோ சூம்பிப்போய், வெளுத்து, மற்றக் காலின் தம்பியைப்போல இருந்தது. மேலே அவ்வளவு பாரம், கீழே இவ்வளவு கால். அறைக்குள் ஆறடி நடப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. அம்மா காற்சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

அன்று மாலை டிரெஸ்ஸர் கந்தையா வந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே மருந்தகத்தில் காயத்துக்கு மருந்து கட்டி, காய்ச்சலுக்குக் கசப்பு மருந்து ஊற்றிக்கொடுக்கும் மனிதர். ஒல்லி உடம்பு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, சிரிப்பே வராத முகம். அப்பாவின் காலை அழுத்திப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், மூலையில் வரிசையாக நின்ற செம்புகளைப் பார்த்தார்.

"எலும்பு நல்லாப் பொருந்திட்டுது. ஆனா நிக்கிற எஞ்சினுக்கு ஏன் காணும் இவ்வளவு கரி போட்டனீர்?" என்றார்.

அப்பா போர்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார். பயர்மேனிடம் போய்க் கேட்கிற கேள்வியா அது! டிரெஸ்ஸர், தான் கொண்டுவந்த கடிதத்தை வாசித்துச் சொன்னார். தைப்பூசத்துக்கு அடுத்த வாரம் ரயில்வேயின் வெள்ளைக்கார டாக்டர் துரை முன்னால் அப்பா போய் நிற்க வேண்டும். யார் கையும் பிடிக்காமல் எஞ்சினில் ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். முடிந்தால் வேலை உண்டு, முடியாவிட்டால் இல்லை.

வேலை இல்லை என்றால் குவார்ட்டர்ஸ் இல்லை. குவார்ட்டர்ஸ் இல்லை என்றால் இந்தியாவுக்குக் கப்பல்தான். அது ரப்பர் விலை விழுந்துபோன காலம். தோட்டம் தோட்டமாக ஆட்களைக் குறைத்து, மூட்டை முடிச்சோடு கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலரைச் சுவெட்டனாமுக்கு இழுத்துக்கொண்டு போன எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர் என் அப்பாதான். துறைமுகத்தில் அவர்கள் இறங்கிப் போவதைப் பார்த்துவிட்டு வரும் நாட்களில் அவர் சாப்பிடாமலே படுத்துவிடுவார். இப்போது அந்த வண்டியில் நாங்கள் ஏற வேண்டியிருக்குமோ என்ற பயம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்கோ கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஊர் என்பது அம்மா எப்போதாவது சொல்லும் ஒரு பெயர் மட்டும்தான். நான் பிறந்தது பிரிக்பீல்ட்ஸில். என் சினேகிதிகள், என் பள்ளிக்கூடம், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நான் திருட்டுத்தனமாக ரம்புத்தான் பறிக்கும் மரம் எல்லாம் இங்கே. அன்றிரவு போர்வைக்குள் நான் அழுதேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

டிரெஸ்ஸர் கொடுத்த வைத்தியத்தில் மருந்து ஒரு சொட்டும் இல்லை. தட்டில் இப்போது வைப்பதில் பாதி, அதையும் நன்றாக மென்று தின்ன வேண்டும். கீரையும் காயும் மோரும், வாரத்தில் இரண்டு நாள் கொஞ்சம் மீன். பகல் தூக்கம் கூடாது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். விடிந்ததும் நடக்க வேண்டும், இன்று பத்து வீடு என்றால் நாளைக்குப் பதினோரு வீடு. "வலிச்சா நில்லும், ஆனா படுக்காதையும்" என்றார். கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வாசலைத் தாண்டுவதற்குள் அஞ்சலை பெரியம்மா செம்போடு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

"கட்டு அவுத்தாச்சில்ல, இனிமேத்தான் காலுக்குத் தெம்பு வேணும். இன்னியிலேருந்து ரெண்டு வேளை சூப்பு" என்றார்.

அம்மா அந்தச் செம்பைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு, வாழ்நாளில் பொய்யே சொல்லத் தெரியாத என் அம்மா, ஒரே மூச்சில் சொன்னார்: "வேணாங்க்கா. அவரு பத்துமலை முருகனுக்கு வேண்டிக்கிட்டாரு. தைப்பூசம் வரைக்கும் வெரதம். கவுச்சி தொடக்கூடாது."

பெரியம்மாவின் முகம் பக்தியில் மலர்ந்தது. செம்பை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். டாக்டர் சொன்னார், டிரெஸ்ஸர் சொன்னார் என்றால் எங்கள் வரிசையில் யாரும் மதிக்கமாட்டார்கள். சாமிக்கு விரதம் என்றால் மறுபேச்சில்லை. ஆனால் பெரியம்மா சும்மா போகிறவரா? "என்ன வேண்டுதல் தங்கச்சி? காவடியா?" என்று கேட்டார்.

"பால்குடம்" என்றார் அம்மா, வந்த பொய்யை வளர்த்தாக வேண்டிய அவசரத்தில். "தலையில வச்சுக்கிட்டு மலையேறுறதா வேண்டுதல்."

உள்ளே கட்டிலில் இருந்த அப்பாவுக்குப் புரையேறியது. ஆறடி நடக்க முடியாத மனிதர், தனக்கே தெரியாமல் பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கப் போகிறார் என்று இருட்டுவதற்குள் வரிசை முழுவதும் தெரிந்துவிட்டது. இனி எடுக்காமல் இருக்க முடியாது. முருகனைக்கூடச் சமாளித்துவிடலாம், அஞ்சலை பெரியம்மாவைச் சமாளிக்க முடியாது.

அம்மாவின் தந்திரம் ஒரே நாள்தான் பலித்தது. விரதக்காரர் வாடிவிடக்கூடாது என்று மறுநாள் முதல் சைவமாக வந்து குவியத் தொடங்கியது: நெய் மணக்கும் பொங்கல், வடை, பாயசம், சீப்புச் சீப்பாக வாழைப்பழம், சுண்டக் காய்ச்சிய பால். அப்பாவின் முகத்தில் மறுபடியும் களை வந்தது. "சாமிக்குன்னு குடுக்குறாங்க, எப்படி வேணாங்கிறது?" என்று நியாயம் பேசினார். அம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் குழாயடியில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தார்: விரதம் கடுமையானது, ஒரு மண்டலம், ஒரே வீட்டுச் சாப்பாடு, இனிப்புக் கிடையாது, உப்பும் கிடையாது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பழகிய கைகளால் உப்பில்லாமல் சமைத்து அனுப்ப யாருக்கு மனசு வரும்? பாத்திரங்களின் படையெடுப்பு நின்றது. உண்மையில் அப்பாவின் சோற்றில் அளவாக உப்பு இருந்தது. வேர்க்க வேர்க்க நடக்கிற மனிதனுக்கு உப்பைக் குறைக்கலாம், நிறுத்தக்கூடாது என்று டிரெஸ்ஸர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த இரகசியம் எங்கள் அடுப்பங்கரையைத் தாண்டவில்லை.

அதன்பின் தொடங்கியது நடை. பால்காரர் வருவதற்கு முன்பே அப்பா கைத்தடியோடு புறப்படுவார், நான் ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீரோடு பின்னால் போவேன். முதல் நாள் பத்து வீடு நடந்து, சுவரில் சாய்ந்து, பத்து வீடு திரும்பினோம். ஒரு வாரத்தில் வரிசையின் முனை வரை. இரண்டாம் வாரம் கைத்தடி வீட்டிலேயே தங்கிவிட்டது. மூன்றாம் வாரம் தண்டவாளத்துக்கு மேலே போகும் இரும்புப் பாலத்தின் படிகளில் ஏறப் பழகினார், முதலில் கைப்பிடியைப் பிடித்து, பிறகு பிடிக்காமல். வழியில் பார்த்தவர்கள் எல்லாரும் அவரை நோயாளியாகக் கருதாமல் விரதக்காரராகக் கருதிக் கும்பிட்டார்கள். அப்பாவும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த மரியாதைக்குப் பழகி, ஆசீர்வாதம் செய்கிறவர்போலத் தலையை ஆட்டத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

ஆனால் நாக்குக்கு விரதம் தெரியுமா? பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க்கார அம்மா வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்து விற்பார். "பீசாங் கோரேங்" என்ற அந்தப் பலகாரத்தின் மணம் படியின் உச்சி வரைக்கும் வரும். நாலாம் வாரத்தில் ஒரு நாள் அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார். "தனம், அப்பனுக்கு ஒண்ணே ஒண்ணு வாங்கியாடி. நீயும் ஒண்ணு தின்னு. அம்மாகிட்ட மூச்சு விடாதே" என்றார். மூன்று மாதம் கோழிச்சாற்றைச் சுமந்தும் ருசி பார்க்காத எனக்கு இதைவிட என்ன அழைப்பு வேண்டும்? ஆளுக்கு ஒன்றாகத் தொடங்கியது, ஆளுக்கு நாலில் முடிந்தது. வாயை நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தோம். அப்பாவின் மீசையைத் துடைக்க மறந்துபோனோம்.

அம்மா மீசையில் ஒட்டியிருந்த மாவுத் துணுக்கைப் பார்த்தார். அப்பாவுக்குத் தட்டில் வைத்துவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். முன்பெல்லாம் அம்மா சாப்பிடும்போது ஒரு வாய் பிடுங்கித் தின்பது என் வழக்கம், அப்பாவுக்குக் கால் முறிந்ததிலிருந்து அது விட்டுப்போயிருந்தது. அன்று குற்ற உணர்ச்சியில் கூடுதலாகக் கொஞ்சிக்கொண்டு போய்ப் பிடுங்கி வாயில் போட்டேன். போட்டவுடன் துப்பினேன்.

"ஐயே! என்னம்மா இது, உப்பே இல்ல!"

அப்பா தலையை நிமிர்த்தினார். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சாமி பேரச் சொல்லி நாந்தானே பொய் சொன்னேன். அத யாராச்சும் மெய்யாக்கணுமில்ல."

பொய் சொன்ன நாளிலிருந்து அம்மா ஒரு வேளைதான் சாப்பிட்டிருக்கிறார், அதுவும் உப்பில்லாமல். எங்கள் மூவரில் ஒருவருக்கு மட்டும்தான் அது விரதமாக இருந்திருக்கிறது. ஒரே அறையில் உட்கார்ந்து தின்ற நாங்கள் இருவரும் அதைக் கவனிக்கவில்லை. அம்மாவின் தோள் எலும்பு எப்போது அப்படித் துருத்திக்கொண்டது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா தன் தட்டைத் தள்ளி வைத்தார். "நீ உப்பு போட்டுக்க செல்லம்மா. இனிமே நான் ஒழுங்கா இருக்கேன்" என்றார். அம்மா தலையை ஆட்டி மறுத்துவிட்டார். தைப்பூசம் வரைக்கும் என்று சொல்லியாகிவிட்டது, தைப்பூசம் வரைக்கும்தான். வேண்டுமானால் இருவேளை சாப்பிடுகிறேன் என்று மட்டும், டிரெஸ்ஸர் வந்து கோபித்துக்கொண்ட பிறகு, ஒத்துக்கொண்டார்.

மறுநாள் விடிவதற்கு முன்பே என்னை உலுக்கி எழுப்பியவர் அப்பா. அதன்பின் அந்தப் பலகாரக்காரியின் பக்கம் அவர் முகத்தைத் திருப்பவே இல்லை. மூச்சை மட்டும் ஆழமாக இழுத்துக்கொள்வார், அதற்குத் தடை இல்லையே. சொம்புத் தண்ணீரைத் தலையில் வைத்துக்கொண்டு பாலத்தில் ஏறி இறங்கத் தொடங்கினார். இதைப் பார்த்துவிட்டு அஞ்சலை பெரியம்மா தானும் பால்குடம் எடுப்பதாக அறிவித்தார். அவர் வந்ததும் குழாயடிப் பெண்கள் நாலு பேர் வந்தார்கள், அவர்களுக்குத் துணையாக இரண்டு கணவன்மார்கள், அவர்கள் பின்னால் நாய் ஒன்று. எட்டுப் பத்துப் பேர் தலையில் சொம்போடு வரிசையாகப் பாலம் ஏறி இறங்குவதைப் பார்த்த சீன ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, இது என்ன திருவிழா என்று மலாயில் விசாரித்தார். முதல் நாள் நடுப்படியில் உட்கார்ந்து, "என்னைய இங்கயே பொதைச்சிடுங்கடி" என்று கூவிய பெரியம்மா, மூன்றே வாரத்தில் எங்களுக்கு முன்னால் போய் நின்று கை தட்டினார். இராத்திரியில் நெஞ்சை அடைப்பது போலிருந்த தொந்தரவு போய்விட்டது என்று, அதையும் முருகன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

தைப்பூசத்துக்கு விட்ட ரயிலில் நெருக்கியடித்துக்கொண்டு பத்துமலைக்குப் போனோம். ஆற்றில் குளித்து, ஈர மஞ்சள் வேட்டியோடு அப்பா பால்குடத்தைத் தலையில் ஏற்றினார். அந்த நாளில் மலைக்கு மரப்படிகள்தான். ஆயிரம் காலடியில் வழுவழுத்துப்போய், ஈரம் சொட்டிக்கொண்டிருந்தன. வழுக்கி விழுந்த மனிதருக்கு ஈரப் படியைக் கண்டால் எப்படி இருக்கும்? பாதிக்கு மேல் போனதும் அப்பா நின்றுவிட்டார். வலது கால் தொடை வரை நடுங்குவதைப் பின்னாலிருந்து நான் பார்த்தேன். மேலே போகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். தவறி விழுந்தால் குடம் மட்டும் போகாது, வேலையும் வீடும் நாங்களும் சேர்ந்து போவோம் என்று எனக்குத் தெரிந்தது. அம்மா அவர் முதுகைத் தொடவில்லை, கையையும் பிடிக்கவில்லை. பின்படியில் நின்றபடி மெதுவாகச் சொன்னார்: "மூச்ச விட்டுட்டு ஏறுங்க. அவசரமே இல்ல. சாமி எங்க போயிடப்போவுது?"

அப்பாவின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்து, மூச்சை விட்டு, காலை எடுத்து வைத்தார். உச்சியில் குகைக்குள் போய்ப் பாலை இறக்கி வைத்தபோது குடத்தில் முக்கால்வாசி மிச்சமிருந்தது. அம்மா ஒன்றும் வேண்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. கண்ணை மூடி, பொய் சொன்னதற்கு மன்னிப்பு மட்டும் கேட்டதாகப் பல வருடம் கழித்து என்னிடம் சொன்னார்.

அடுத்த வாரம் பரீட்சை. அப்பாவுக்குப் பழைய காற்சட்டையில் பொத்தானும் துளையும் பொருந்தின. அம்மாவும் நானும் பெரியம்மாவும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். எஞ்சின் ஒன்று ஆவி விட்டுக்கொண்டு நின்றது; பக்கவாட்டில் செங்குத்தாக மூன்று இரும்புப் படிகள், முதல் படியே என் நெஞ்சு உயரம். டாக்டர் துரை கையில் ஒரு தாளோடும், பக்கத்தில் டிரெஸ்ஸர் கந்தையா வழக்கம்போல் முகத்தில் சிரிப்பில்லாமலும் நின்றார்கள். எந்தக் காலை முதலில் வைப்பார் என்று நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்திருந்தோம். அப்பா முறிந்த காலைத்தான் முதலில் வைத்தார். வைத்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மேலே போய் நின்றார், பிறகு இறங்கினார். துரை அப்போது தாளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இன்னொரு தரம் ஏறச் சொன்னார். ஏறி இறங்கினார். துரை கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். மூன்றாவது தரம் யாரும் கேட்கவில்லை. அப்பாவாகவே ஏறி, மண்வாரியை எடுத்து, ஒரு வாய்க் கரியை அள்ளி அடுப்புக்குள் வீசினார். டிரெஸ்ஸர் கந்தையா சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பெரியம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

இப்போது எங்கள் வரிசை இருந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த உயரக் கட்டடங்கள் நிற்கின்றன. நீராவி எஞ்சின்களும் கரி அள்ளும் பயர்மேன்களும் போய் எத்தனையோ காலமாகிறது. கிள்ளானுக்குப் போகும் வண்டி இப்போது சத்தமில்லாமல் மின்சாரத்தில் ஓடுகிறது, ஏறுவதற்குப் படியே இல்லை. பத்துமலையில் சிமெந்துப் படி. ஒருவர் வீட்டில் கால் முறிந்தால் வரிசை முழுவதும் அடுப்பு மூட்டுகிற வழக்கமும் இல்லை. இதே பிரிக்பீல்ட்ஸில் இப்போது நான் இருக்கும் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் பெயர் எனக்கு இன்னும் தெரியாது. போன வருடம் எனக்கு முழங்காலில் அறுவை செய்தார்கள்; மறுநாளே ஒரு சின்னப் பெண் வந்து, "ஆன்டி, படுக்கக்கூடாது லா, கொஞ்சம் கொஞ்சமா நடக்கணும்" என்று கைபிடித்து எழுப்பினாள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவளாம். எழுந்து நடந்தேன்.

அந்தப் பெண் என் கோப்பில் நிரப்புவதற்காக, எந்த ஊரில் பிறந்தீர்கள் என்று கேட்டாள். பிரிக்பீல்ட்ஸ் என்றேன். அங்கிருந்து எங்கெல்லாம் போய் வாழ்ந்தீர்கள் என்று கேட்டாள். எங்கேயும் போகவில்லை என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், போகாமல் இருந்ததற்காக என் அம்மா நாற்பத்தெட்டு நாள் உப்பில்லாமல் சாப்பிட்டார் என்று சொல்லியிருப்பேன்.